கொஞ்சம் நிறுத்தாமப் போங்க சாமிகளா!

பெங்களூருல பொட்டி தட்டற பசங்களுக்கு ஒரு ரூட் மனப்பாடம். சனிக்கிழமை விடியக்காலை நாலு மணிக்குக் கிளம்பு. கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம். வெயில் ஏறுறதுக்குள்ள அண்ணாமலையாருக்கு ஒரு கும்பிடு. கிரிவலப் பாதையில காரிலேயே ஒரு ரவுண்டு (ஆமாங்க, காரிலேயே! வேர்க்காம புண்ணியம்). அப்புறம் செஞ்சிக் கோட்டையில நாலு போட்டோ, திண்டிவனம், மரக்காணம், அங்கேர்ந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடிச்சு சாயங்காலம் பாண்டிச்சேரி.

இந்தப் பயணத்துல எங்க ஊரு ஒரு ஸ்டாப்பிங். அதுல எனக்கு வருத்தம் எதுவும் இல்ல. இட்லிக்கடைக்காரர்ல இருந்து பூக்கார அக்கா வரைக்கும் பிழைக்கறாங்க. என் கோவமெல்லாம் கிரிவலப் பாதையோட பதினாலு கிலோமீட்டர்ல நடுநடுவுல காரை ஓரங்கட்டி, கண்ணாடியை இறக்கி, "டேய் குரங்குடா! மச்சான் அங்க பாரு மானு!"ன்னு பழமும் பிஸ்கட்டும் வீசிட்டுப் போறாங்க பாருங்க, அவங்க மேலதான். அந்த 'அவங்க'ள்ல நானும் ஒருத்தன். அதையும் சொல்லிடறேன்.

போன மார்கழி. டீம் பசங்க நாலு பேர் என் கார்ல. ஊர்க்காரன்ங்கறதால வண்டி ஓட்டறது, வழி சொல்றது, வரலாறு சொல்றது எல்லாம் நம்ம டிபார்ட்மெண்ட். அடி அண்ணாமலை தாண்டினதும் குரங்குக் கூட்டம். "நிறுத்து நிறுத்து"ன்னாங்க, நிறுத்தினேன். கோயில் வாசல்ல வாங்கின ஒரு சீப்பு வாழைப்பழம் கார்ல இருந்துச்சு.

இங்க ஒரு சின்ன ஜியாமெட்ரி. கிரிவலம் போறப்ப மலை எப்பவும் நம்ம வலது பக்கம். நம்ம ஊர்ல வண்டி போறதும் நிக்கறதும் இடது பக்கம். அப்படின்னா கார்லேர்ந்து நீங்க போடற ஒவ்வொரு பழத்துக்கும் மலைப்பக்கம் இருக்கற குரங்கு ரோட்டைத் தாண்டியாகணும். பின்னாடி வர்ற வண்டிக்கு நிக்கற கார்தான் தெரியும். அதுக்கு முன்னால குறுக்கே ஓடற குரங்கு தெரியாது. எஞ்சினியரிங் படிச்சவன் நான், இந்தக் கணக்கை அன்னிக்கு அந்த வேன் எங்களை ஓவர்டேக் பண்ண பிறகுதான் போட்டேன்.

குட்டி. அஞ்சாறு மாசம் இருக்கும். அம்மா அதை ரோட்டோரத்துக்கு இழுத்துட்டுப் போயி, புரட்டிப் புரட்டிப் பேன் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. வேற எதுவும் எழுத எனக்கு வரல. பக்கத்து டீக்கடை ஆயா சொன்னது மட்டும் அப்படியே: "நீங்க போட்டுட்டுப் பூடுறீங்க தம்பி. அதுங்க ரோட்ட வுட்டு நவுர மாட்டேங்குதுங்க. இனிமே உங்கள மாதிரி இன்னொரு வண்டி வரும்னு குந்திக்கினே இருக்குதுங்க."

இதை வீட்டுல சொன்னா மாமா சண்டைக்கு வர்றார். "ஆஞ்சநேயருக்குப் போடறோம்டா. வாயில்லாத ஜீவன் பசியில கிடக்கணுமா?"

மாமா, அதுக்குப் பசி தீர மலை இருக்கு. அத்தி, ஆல், நாவல், இலந்தை, கொழுந்து, பூச்சின்னு தின்னு வாழற ஜாதி அது. தின்ன பழத்தோட கொட்டையை மலை முழுக்கப் போட்டுட்டுத் திரியும். ஒரு காலத்துல மொட்டைப் பாறையா கிடந்த மலை இது. எத்தனையோ பேர் வருஷக்கணக்கா கன்னு நட்டுத் தண்ணி ஊத்தித்தான் இன்னிக்கு இந்தப் பச்சை. அந்த வேலையைக் கூலி வாங்காம செய்யறவங்களைப் பிஸ்கட் குடுத்து ரோட்டோரம் உட்கார வெச்சிருக்கோம். நாட்டுக்குரங்குதானே, எங்க பார்த்தாலும் இருக்கேன்னு நினைக்காதீங்க. உலக அளவுல அழியற ஆபத்துல இருக்கற உயிர்களோட பட்டியல்ல இப்போ அதுவும் இருக்கு. தென்னிந்தியாவை விட்டா அதுக்கு வேற ஊர் கிடையாது.

அடுத்து வரும் பாருங்க பிரம்மாஸ்திரம்: "ரமணரே குரங்குக்கு சோறு போட்டவர்தானே?"

போட்டார். 1896-ல வந்தவர் 1950-ல போய்ச் சேர்ற வரைக்கும் இந்த மலையை விட்டு நகரல. விரூபாக்ஷ குகை, ஸ்கந்தாசிரமம்னு மலை மேலேயே வருஷக்கணக்கா குடியிருந்தார். அது குரங்குங்க வீடு, இவர் அங்க அக்கம்பக்கத்துக்காரர். நொண்டிப் பையன்னு ஒரு குரங்குக்குப் பேரு வெச்சுப் பழகினவர். பசு லட்சுமி, மான் வள்ளி, நாய் ஜாக்கி, ஒரு காக்கா, எல்லாத்துக்கும் ஆசிரமத்துல சமாதி இருக்கு, போய்ப் பாருங்க. நீங்க பழம் போட்ட குரங்கு செத்தா உங்களுக்குத் தகவலாவது வருமா? மதியம் நீங்க செஞ்சியில பிரியாணி சாப்பிட்டுக்கிட்டு இருப்பீங்க.

மான் கதை வேற. சாயங்காலம் புள்ளிமான் ரோட்டோரம் வந்தா போன் டார்ச்சை அடிச்சு கண்ணு மின்றதைப் படம் எடுக்கறாங்க. மிரண்டு ஓடினா ஒரு பக்கம் வண்டி, இன்னொரு பக்கம் தெருநாய். 2016-ல இந்தப் பாதையை அகலப்படுத்த மரத்துல கை வெச்சப்போ பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டுச்சு. சந்தோஷம். ஆனா நம்ம கார் கண்ணாடிக்கு எந்தத் தீர்ப்பாயம் தடை போடும்?

சரி, ஊரை விட்டுக் கடலுக்குப் போனா திருந்திடறோமா? மரக்காணத்துக்கிட்ட கடற்கரைச் சாலையை ஒட்டியே உப்பளமும் கழுவெளியும். 2021-ல பறவைகள் சரணாலயமா அறிவிச்சாங்க, அஞ்சாயிரத்துச் சொச்சம் ஹெக்டேர். 2024-ல ராம்சர் பட்டியல்லயும் சேர்ந்துச்சு. குளிர்காலத்துல எங்கெங்கேயோ இருந்து பறந்து வந்து, தெம்பு ஏத்திக்கத்தான் பறவைங்க இங்க இறங்குது. நம்மாளு என்ன செய்யறார்? பூநாரை சும்மா நின்னா வீடியோ நல்லா இல்லையாம். கை தட்டறார், ஹாரன் அடிக்கறார், ட்ரோன் விடறார். மொத்தக் கூட்டமும் எழும்பினா பின்னணி இசையோட ரீல்ஸ் ரெடி. மேயறதை விட்டுட்டு பறந்த பறவைக்கு என்ன லாபம்?

ராத்திரி மணல்ல காரை இறக்கி ஹெட்லைட் போட்டு ஆடற கோஷ்டியும் உண்டு. பங்குனி ஆமை முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கற மாசங்கள்ல அந்த வெளிச்சம் என்ன செய்யும் தெரியுமா? குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நடக்கும். கடல் பக்கம் போக வேண்டியது கார் பக்கம் வரும்.

2025 ஆகஸ்டுல பந்திப்பூர் ரோட்டுல யானையைப் படம் பிடிக்க வண்டியை விட்டு இறங்கினவரை யானை துரத்திப் போட்டு மிதிச்சுது. உயிர் பிழைச்சவருக்கு வனத்துறை 25,000 ரூபாய் அபராதம் போட்டுச்சு. யானைக்கு இருக்கற மரியாதை அது. குரங்கும் மானும் பூநாரையும் திருப்பி மிதிக்காதுங்கறதால நமக்கு இது பிக்னிக்.

"அப்போ யாரும் எங்கேயும் போகவே கூடாதா?"ன்னு கேட்பீங்க. போங்க. தாராளமா போங்க. செங்கத்துல நிறுத்துங்க, ஊருக்குள்ள டீக்கடையில நிறுத்துங்க, செஞ்சியில கோட்டை ஏறி முட்டி வலிக்க இறங்குங்க. கிரிவலத்தைக் கால்ல நடங்க, மான் தானா கண்ணுல படும், பட்டுட்டுப் போகும். காட்டோரத்துல மட்டும் காரை நிறுத்தாதீங்க, கண்ணாடியை இறக்காதீங்க. அவ்வளவுதான் கேக்கறேன்.

அடுத்த மாசம் டீம் திரும்பவும் கிளம்புது. என் கார்ல வர்றதா இருந்தா தின்பண்டம் எல்லாம் டிக்கியில, கோயில்லேர்ந்து செஞ்சி வரைக்கும் கண்ணாடி மேலேன்னு சொல்லிட்டேன். ரெண்டு பேர் "நாங்க வேற வண்டியில வர்றோம் பாஸ்"னு கழண்டுக்கிட்டாங்க. அவங்க வண்டி எனக்கு முன்னாடி போகுமா பின்னாடி வருமான்னுதான் இப்போ கவலையா இருக்கு.