சபை மாறச் சொல்லாதீர்கள்

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் வரன் பேச உட்கார்ந்தால், "பொண்ணு ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா?" என்ற கேள்வி வராமல் இருக்காது. சாதியை அதற்கு முன்பே விசாரித்து முடித்திருப்பார்கள். சாதி ஒத்துவிட்டால் சபை ஒரு தடையே இல்லை. "கல்யாணத்துக்கு முன்னால பொண்ணு எங்க கோயிலுக்கு மாறிடட்டும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இருபத்தைந்து வருடம் ஒரு பெண் ஜெபித்து வளர்ந்த விசுவாசத்துக்குச் சீர்வரிசைக்குச் செலவிடும் நேரம்கூட இல்லை.

நான் வடக்கன்குளம் பக்கத்தில் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பத்தில் பிறந்தவள், மெஞ்ஞானபுரம் பக்கம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு கோயிலும் எனக்குச் சொந்தம். அந்த உரிமையில் சொல்கிறேன்: ஞானஸ்நானம் பெற்ற ஒருவரைத் திருமணத்துக்காகச் சபை மாறச் சொல்வது தவறு.

"எல்லாம் ஒரே இயேசுதானே, மாறினால் என்ன?" என்பார்கள். ஒரே இயேசுதான். ஆனால் வித்தியாசங்கள் மேலோட்டமானவை அல்ல. பூசையில் அப்பமும் ரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாகவே மாறுகின்றன என்பது கத்தோலிக்க விசுவாசம். அதனால்தான் பூசை முடிந்த பிறகும் நற்கருணைப் பேழைக்குப் பக்கத்தில் விளக்கு எரிகிறது. கடந்து போகிறவர்கள் முழங்காலிடுகிறார்கள். சி.எஸ்.ஐ. ஆலயத்தின் மையம் வேதவசனமும் பிரசங்கமும். அங்கே திருவிருந்து பயபக்தியோடு நடந்தாலும் அதைப் புரிந்துகொள்ளும் விதம் வேறு. மாதாவிடமும் அந்தோனியாரிடமும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று கேட்பது எனக்கு இயல்பு. தேவனுக்கும் மனிதனுக்கும் நடுவே கிறிஸ்து ஒருவரே நிற்கிறார் என்று கற்று வளர்ந்த என் கணவருக்கு அது இன்றும் நெருடல்.

மணமான புதிதில், "ஜெபமாலையைப் பெட்டிக்குள்ள வச்சிரும்மா" என்று குடும்பத்துப் பெரியவர் ஒருவர் சொன்னார். அவர் மனதில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அம்மாவுடன் உட்கார்ந்து சொல்லிப் பழகிய ஜெபத்தை ஒளிக்கச் சொன்னதுபோல் எனக்கு வலித்தது. அதை மாற்றியவர் என் அத்தை, கணவரின் அம்மா. விடியற்காலையில் வேதாகமத்தோடு உட்கார்ந்துவிடுவார். ஆதியாகமம் தொடங்கி வெளிப்படுத்தல்வரை வரிசையாக வாசித்து முடித்து, மறுபடி ஆதியாகமத்துக்கு வருவார். என்னையும் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொன்னார். வேதத்தை இவ்வளவு நெருக்கமாக நான் அறிந்தது அவரால்தான். சாயங்காலம் நான் ஜெபமாலை சொல்லும்போது வானொலியை அணைத்துவிட்டு அமைதியாக இருப்பார்.

அத்தை இறந்தபோதுதான் வித்தியாசத்தின் முழுக் கனமும் தெரிந்தது. அவருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்க விரும்பினேன். "அம்மா ஆண்டவர்கிட்ட போயாச்சு, இனி எதுக்கு ஜெபம்?" என்றார் கணவர். அவர் கேட்டதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1517-ல் மார்ட்டின் லூதர் எழுப்பிய சர்ச்சையே, உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாக்களின் பெயரில் நடந்த பலன் விற்பனையில்தான் தொடங்கியது. மரித்தோருக்காக மன்றாடுவதற்குக் கத்தோலிக்கர் காட்டும் ஆதாரம் மக்கபேயர் இரண்டாம் நூலில் இருக்கிறது. எங்கள் 73 நூல்களில் அது உண்டு; அவர்களது 66-ல் இல்லை. இதற்கெல்லாம் ஒரே இரவில் தீர்வு கிடைக்காது. எங்கள் வீட்டிலும் கிடைக்கவில்லை. ஆனால் பூசை நடந்தது. கணவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். அவர் தன் விசுவாசத்தை விடவில்லை. என்னையும் விடச் சொல்லவில்லை.

இப்படி வாழ்வதற்குக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமே இடம் தருகிறது. கத்தோலிக்கர் ஒருவர் சி.எஸ்.ஐ.யில் ஞானஸ்நானம் பெற்றவரை மணக்க ஆயரின் அனுமதி வேண்டும். மற்றவர் கத்தோலிக்கராக வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பிள்ளைகளைக் கத்தோலிக்க விசுவாசத்தில் வளர்க்கத் தன்னால் இயன்றதைச் செய்வதாகக் கத்தோலிக்கத் துணை வாக்குக் கொடுக்கிறார். மற்ற துணையிடமும் வாக்குக் கேட்கும் பழைய விதியைத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1970-ல் எடுத்துவிட்டார். தண்ணீரால், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரால் கொடுத்த ஞானஸ்நானத்தை இரு சபைகளும் ஏற்கின்றன, மறுபடி கொடுப்பதில்லை.

சபைகளும் நெருங்கி வந்திருக்கின்றன. மனிதன் மீட்படைவது இறையருளால்தான் என்று 1999 அக்டோபர் 31-ல் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் சேர்ந்து ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். பின்னர் மெத்தடிஸ்ட், சீர்திருத்த சபைகளின் உலக அமைப்புகளும் அதில் இணைந்தன. 1947-ல் உருவான சி.எஸ்.ஐ.யின் வேர்களில் அந்த மரபுகளும் உண்டு. உலக அளவில் இவ்வளவு தூரம் வந்த பிறகு, மெஞ்ஞானபுரத்துக்கும் வடக்கன்குளத்துக்கும் இடையே ஒரு பெண் மட்டும் ஏன் தன்னை அழித்துக்கொண்டு பயணப்பட வேண்டும்? மாறுவது பெரும்பாலும் பெண்தானே!

மனப்பூர்வமாக ஒருவர் சபை மாறினால் அது அவர் உரிமை. கல்யாணத் தேதிக்காக மாறினால் அது விசுவாசமல்ல, ஒப்பந்தம்.

பெற்றோருக்கும் குருக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு எங்கே ஞானஸ்நானம், எங்கே புதுநன்மை அல்லது திடப்படுத்தல் என்பதை நிச்சயதார்த்தத்துக்கு முன்பே மணமக்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். பங்குத்தந்தையும் சேகர குருவானவரும் ஒரே மேசையில் அவர்களைச் சந்தித்து, எதில் ஒன்று, எதில் வேறு என்று மறைக்காமல் விளக்க வேண்டும். நற்கருணையைச் சேர்ந்து வாங்க முடியாத வேதனை இருக்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள். இருவர் இதைத் தெரிந்தே, அவரவர் விசுவாசத்தோடு இணைய முன்வந்தால், சபை மாற்றக் கடிதம் கேட்காமல் கோயிலில் திருமண ஓலை வாசியுங்கள்.