ஒரு கையெழுத்துதானே?



போன மாதம் உறவினர் ஒருவருக்குத் துணையாகப் பத்திர ஆபீஸுக்குப் போயிருந்தேன். வராந்தா பெஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம். அண்ணன், தம்பி, கூடப் பிறந்த பெண்கள் இரண்டு பேர், வயதான அம்மா. வெயிலுக்குத் தம்பி ஓடிப்போய் எல்லாருக்கும் மோர் வாங்கி வந்தார். சண்டை சச்சரவு எதுவும் இல்லாத, பாசமான குடும்பம்தான்.

டோக்கன் கூப்பிட்டதும் உள்ளே போனார்கள். கேமரா முன்னால் உட்கார்ந்து போட்டோ, அப்புறம் மெஷினில் விரல் ரேகை. அக்காவுக்கு ரேகை விழவே இல்லை. வருஷக்கணக்கில் பாத்திரமும் துணியும் தேய்த்துத் தேய்ந்த விரல். முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்து, நாலாவது தடவைதான் மெஷின் ஏற்றுக்கொண்டது. வெளியே வந்ததும் தங்கையிடம் சொன்னார்: "சரி விடு. பொறந்த வீட்டுக்கு வரப்போக இருந்தா போதும்."

அவர்கள் எழுதிக் கொடுத்தது விடுதலைப் பத்திரம். அப்பா சொத்தில் தங்களுக்கு உள்ள பங்கு வேண்டாம் என்று கூடப் பிறந்தவர்களுக்கு விட்டுக் கொடுக்கும் பத்திரம்.

நானும் அப்படி ஒரு கையெழுத்துப் போட்டவள்தான். 1996-ல். அப்பா தவறி ஆறு மாதம் ஆகியிருந்தது. "ஒரு கையெழுத்துதாம்மா, லோனுக்குக் கேக்கறாங்க" என்றார் அண்ணன். படித்துக்கூடப் பார்க்கவில்லை. அப்பா தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு அது. உயில் எழுதாமல் போய்விட்டார். 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே அம்மா, அண்ணன், நான் மூன்று பேருக்கும் அதில் சம பங்கு. இது எனக்குத் தெரியவந்தபோது பல வருஷம் ஓடியிருந்தது.

அண்ணன் மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. என்னை உறுத்துவது வேறு. டிகிரி முடித்து, வேலைக்குப் போய், பத்துப் பேரிடம் கேள்வி கேட்டுக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தவள் நான். "இது என்ன பத்திரம்?" என்று ஒரு வார்த்தை கேட்க ஏன் எனக்குத் தோன்றவில்லை?

யோசித்துப் பார்த்தால், அந்தக் கையெழுத்தை நான் அன்று போடவில்லை. "இன்னொரு வீட்டுக்குப் போற பொண்ணு" என்று முதல் தடவை காதில் விழுந்த வயதிலேயே பாதி போட்டுவிட்டேன். அப்பா மேல் உயிரை வைத்திருந்த மகளுக்கு, அப்பாவின் வீட்டைத் தன் வீடு என்று நினைக்க யாரும் சொல்லித்தரவில்லை. உங்களில் எத்தனை பேருக்குச் சொல்லித்தந்தார்கள்?

இத்தனைக்கும் நம் ஊரில் இந்தப் பேச்சு நேற்று வந்தது இல்லை. 1929-ல் செங்கல்பட்டில் பெரியார் கூட்டிய சுயமரியாதை மாநாட்டிலேயே பெண்களுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அது சட்டமாக அறுபது வருஷம் ஆனது. 1989-ல் கலைஞர் ஆட்சியில் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம், பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பாலேயே பங்கு உண்டு என்றது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு அது பொருந்தவில்லை. ஒரே வீட்டில் தங்கைக்கு உண்டு, அக்காவுக்கு இல்லை!

2005-ல் மத்திய அரசின் திருத்தம் வந்து கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்ற பேதத்தை எடுத்தது. ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ளும் வரை, குடியிருக்கும் வீட்டில் மகள் பாகம் கேட்க முடியாது என்றிருந்த பழைய பிரிவும் அப்போதுதான் போனது. மகளுக்குப் பங்கு கிடைக்க அப்பா 2005-ல் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தையும் 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. தேவையில்லை என்று சொல்லிவிட்டது. (இதெல்லாம் இந்துக்களுக்கான சட்டம். மற்றவர்களுக்கு வேறு. முன்பே பாகம் பிரித்த சொத்து, உயில் எழுதிய சொத்து என்றால் கணக்கு மாறும். ஒரு நல்ல வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.)

சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. கையெழுத்து மட்டும் ஏன் நிற்கவில்லை?

"கல்யாணத்துக்கு நகை, பாத்திரம், பைக்குன்னு செஞ்சோமே, அந்தக் கடனை இவன்தானே அடைச்சான்?" என்று கேட்பார்கள். நியாயமான வருத்தம்தான், நான் மறுக்கவில்லை. தங்கை கல்யாணக் கடனில் இளமையைத் தொலைத்த அண்ணன்களை எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பைக்கை ஓட்டியது யார்? அந்த நகை எந்த பேங்கில் அடமானத்தில் இருக்கிறது? மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்ததை மகளுக்குக் கொடுத்ததாக எழுதி வைத்திருக்கிறோம்.

இன்னொன்றும் பார்க்கிறேன். "உங்க அப்பா வீட்டுப் பங்கைக் கேட்டு வாங்கு" என்று மருமகளை விரட்டுகிற அதே வீட்டில், மகளிடம் மட்டும் விடுதலைப் பத்திரத்தை நீட்டுகிறார்கள். அந்தப் பெண் இரண்டு பக்கமும் இடிபடுகிறாள். கேட்டால் அண்ணன் வீட்டு வாசல் மூடிவிடும், கேட்காவிட்டால் புகுந்த வீட்டில் பேச்சு. அவள் ஆசைப்படுகிறாளா என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

ஆனாலும் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. சட்டப் புத்தகத்தைவிட, மாறிவரும் நம் வீடுகள் தந்த நம்பிக்கை அது. ஒரு பெண், அல்லது இரண்டு பெண் பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்ட குடும்பம் இன்று எல்லாத் தெருவிலும் இருக்கிறது. மகன் வெளிநாட்டில் இருக்க, அப்பாவை டயாலிசிஸுக்கு ஆட்டோவில் கூட்டிப் போவது மகள். வீட்டு லோனின் இ.எம்.ஐ.யில் பாதி மகள் சம்பளம். இப்படி வாழத் தொடங்கிய பிறகு, "இன்னொரு வீட்டுக்குப் போற பொண்ணு" என்ற வாக்கியம் வாயில் வரத் தயங்குகிறது, கவனித்தீர்களா? சட்டம் கதவைத் திறந்து வைத்துப் பல வருஷம் ஆனாலும், இப்போதுதான் நாம் வாசற்படியில் கால் வைக்கிறோம்.

எல்லாப் பெண்களும் பங்கு கேட்டே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கஷ்டப்படும் தம்பிக்கு மனதார விட்டுக் கொடுக்கிற அக்காவுக்கு அந்த உரிமையும் உண்டு. தெரிந்து கொடுக்கட்டும். பத்திரத்தை நீட்டுவதற்கு முன் எல்லாரும் உட்கார்ந்து, "உன் பங்கு இவ்வளவு, உனக்கு என்ன விருப்பம்?" என்று கேட்கலாம் அல்லவா? அப்பாக்கள் உயிரோடு இருக்கும்போதே அதைப் பேசிவிட்டால் இன்னும் நல்லது.

என் அம்மா கடைசி நாலு வருஷம் என்னோடுதான் இருந்தார். ஒரு சாயங்காலம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவர், தலை நிமிராமலே சொன்னார்: "அன்னிக்கு நீ கையெழுத்துப் போடறப்போ எனக்குத் தெரியும்டி. நானும் எங்க அண்ணனுக்குப் போட்டவதானே. அதான் முறைன்னு இருந்துட்டேன்." என்ன பதில் சொல்வது என்று தெரியாமல், முறத்தை என் பக்கம் இழுத்து நானும் கீரை உருவ உட்கார்ந்தேன்.

இந்தப் பொங்கலுக்கு மகனையும் மகளையும் உட்காரவைத்து, வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது, யாருக்கு எவ்வளவு என்று நானும் கணவரும் சொன்னோம். மகள், "இப்ப எதுக்கும்மா இதெல்லாம்?" என்று எழுந்து போகப் பார்த்தாள். மகன்தான் கையைப் பிடித்து உட்காரவைத்தான்.

உங்கள் வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தீர்களா? யார் முதலில் வாயைத் திறந்தார், யார் எழுந்து போனார்? எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்