ஃபைபர் படகின் உள்நோய்

மரத்தோணி உளுத்தால் தன் நோயைக் கண்ணுக்குக் காட்டிவிடும். ஃபைபர் படகு அத்தகையதன்று. மேனி மெருகுடன் விளங்க, உள்ளே நலிவு வளரும். 2004ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஆழிப்பேரலை தாக்கியபின், தமிழகக் கடற்கரையில் ஃபைபர் படகுகள் பல வழங்கப்பட்டன. அவற்றுள் இன்றும் கடலேறுவன முதுமை எய்தியவை. நம் இதழைப் படிக்கும் குடும்பங்களுள் சிலவற்றுக்கு ஊரில் அத்தகைய படகு இருத்தல் கூடும். விடுப்பில் ஊர் சென்று, வீட்டு முற்றத்திலேயே அதைச் செப்பனிட விழையும் அன்பர்களுக்காகச் சில செய்திகளை ஈண்டுக் கூறுகிறோம்.

முதலிற் காணவேண்டியது வண்ணமன்று; இயந்திரம் தொங்கும் பின்பலகையே. பல படகுகளில் அதன் நடுவே மரப்பலகை பொதிந்திருக்கும். போல்ட்டுத் துளைகளின் வழியே நீர் கசிந்து அப்பலகை உளுத்தபின்னும் மேலோடு பளபளக்கும். நாம் பணிபுரியும் ரயில்வேயில், முன்னாளில் வண்டிச் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டி, ஓசையைக் கொண்டே விரிசலை உணர்ந்தனர். அம்முறை இங்கும் பயன்படும். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல இடம் கணீரென ஒலிக்கும். கெட்ட இடம் மந்தமாக ஒலிக்கும். ஐயமுள்ள இடத்தில் சிறு துளையிட்டு, வெளிவரும் தூளைப் பார்த்தல் வேண்டும். அது ஈரமாயும் கருத்தும் இருப்பின், உளுத்த பலகையை அகற்றிப் புதியது வைப்பதே முறை. மேலே மேட் ஒட்டி மறைத்துவிட்டால், நடுக்கடலில் பின்பலகை இயந்திரத்தோடு பெயர்ந்து போகக்கூடும்.

ஓட்டில் விரிசல் இருப்பின், நன்கு உலரவிட்டு, ஓரங்களைச் சரிவாகத் தேய்த்தல் வேண்டும். சரிவின் நீளம் கனத்தைப்போல் பன்னிரு மடங்கு இருத்தல் நன்று. அதாவது 5 மில்லிமீட்டர் கனத்துக்கு 60 மில்லிமீட்டர். ஒட்டும் பரப்பு அகன்றாலன்றிப் பிடிப்பு நிலைக்காது. பழைய ஓட்டின்மீது பாலியஸ்டர் ரெசினைவிட எபாக்சி உறுதியாகப் பற்றும். ஆயின் விலை மிகுதி.

இனி, வீட்டார் அனைவரும் அறியவேண்டிய எச்சரிக்கை ஒன்று. பாலியஸ்டர் ரெசினுக்குரிய கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேருக்கு நேர் ஒருபோதும் கலத்தலாகாது, வெடிக்கும். கோபால்ட் ரெசினில் நன்கு கலந்தபின்னரே கேட்டலிஸ்ட்டைச் சேர்க்கவேண்டும். அதன் அளவு பெரும்பாலும் ரெசினின் எடையில் நூற்றுக்கு 1 முதல் 2 பங்கு. அது கண்ணிற் பட்டால் பார்வையே பறிபோகக்கூடும். பட்டவுடன் தூய நீரால் இடைவிடாது கழுவி, மருத்துவரிடம் விரைதல் வேண்டும். தேய்க்கும்போது எழும் இழைத்தூசி மூச்சிற் புகாதவாறு தக்க முகமூடியும், கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் அணிதல் இன்றியமையாதது. சிறுவரை அப்பக்கம் விடலாகாது.

படகுக்கென ஊருக்குப் பணம் அனுப்பும் நம்மவர், "வண்ணம் பூசியாயிற்றா?" என்றே பெரும்பாலும் வினவுகின்றனர். "பின்பலகையைத் தட்டிப் பார்த்தீர்களா?" என்று இனி முதலில் வினவுவோமாக. அப்படகில் ஏறுவோர் நம் உடன்பிறந்தார் அன்றோ! வண்ணப் பூச்சைப் பற்றி அடுத்த திங்களில் எழுதுவோம்.