கள்ளக்குறிச்சிக்குப் பெயர் இருக்கிறது, செதுக்கியவருக்கு?

"கலையைத் தொழிலாக எடுத்துக்கொண்டு ஜெயித்தவர்கள்" என்ற கட்டுரைகளை எல்லோரும் படித்திருப்பீர்கள். பத்தில் ஒன்பதில் கதை ஒன்றுதான். ஒருவர் இன்ஜினியரிங் படிப்பார். சென்னையிலோ பெங்களூருவிலோ கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பார். ஒரு நாள் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டு கேமரா வாங்குவார். வீட்டில் திட்டுவார்கள். மூன்று வருடம் கஷ்டப்படுவார். அப்புறம் குறும்படம், விருது, சொந்த நிறுவனம். கடைசி வரியில், "உங்கள் கனவைத் துரத்துங்கள்!"

துரத்தட்டும், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு கேள்வி. பள்ளிக்கூடம் முடித்த கையோடு உளியைப் பிடித்து, பல வருடம் ஒரு பட்டறையில் வேலை கற்று, பிறகு கடன் வாங்கிச் சொந்தப் பட்டறை போட்டு, நாலு பேருக்குச் சம்பளமும் கொடுக்கிற மரச்சிற்பியின் கதை ஏன் அந்த வரிசையில் வருவதே இல்லை? அவர் செய்வது கலை இல்லையா? இல்லை, அவர் நடத்துவது தொழில் இல்லையா?

கள்ளக்குறிச்சியில் இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே முடியாது. விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமான ஊர் அது. அதன் பிறகு நாடு முழுக்க அந்தப் பெயர் அடிபட்டது எப்போது? 2022 ஜூலையில் கனியாமூர் பள்ளிக் கலவரம். 2024 ஜூனில் கருணாபுரம் விஷச் சாராயம், அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இரண்டுமே சொல்லப்பட வேண்டிய செய்திகள்தான், சந்தேகமில்லை. ஆனால் இந்த இரண்டுக்கும் முன்பே, 2021-ல், இன்னொரு செய்தியும் வந்தது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே சமயத்தில்தான் கருப்பூர் கலம்காரி ஓவியத்துக்கும் கிடைத்தது. நாளிதழ்களில் ஒரு சின்னக் கட்டம், அதோடு முடிந்தது. எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

அந்தக் கலை சாதாரணமானதல்ல. மதுரையில் வளர்ந்த மரச்சிற்ப மரபு, பிழைப்பு தேடி இடம்பெயர்ந்த சிற்பிகளோடு இந்தப் பக்கம் வந்து தனக்கென்று ஒரு பாணியை உண்டாக்கிக்கொண்டது என்று சொல்கிறார்கள். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் இந்த வேலை நடக்கிறது. வேம்பு, மா, அத்தி மாதிரி மரங்களில் சாமி உருவங்கள், கதவு வேலைப்பாடுகள், அலங்காரப் பலகைகள் எல்லாம் செய்கிறார்கள். மரத்தை ஈரம் போக உலர்த்த வேண்டும். உருவத்தை வரைய வேண்டும். முகத்தின் நீளத்தை ஓர் அளவாக வைத்து உடம்பு முழுவதையும் பிரிக்கிற தாளக் கணக்கு கையில் இருக்க வேண்டும். பிறகு பெரிய உளியால் கழித்து, சின்ன உளியால் கண் திறந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். ஒரு உளி தப்பினால் மூக்கு போய்விடும். கம்ப்யூட்டரில் செய்வது போல ஒரு பொத்தானை அழுத்தி அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

இவ்வளவும் செய்து முடித்த பிறகு அந்தச் சிற்பம் ஒரு ஷோரூமுக்குப் போகிறது. அங்கே என்ன எழுதியிருக்கும்? பெரும்பாலும் மரத்தின் பெயர், உயரம், விலை. மிஞ்சிப் போனால் "கள்ளக்குறிச்சி மரச்சிற்பம்". செதுக்கியவர் யார்? தெரியாது. கடைக்காரரைக் கேட்டால், "கள்ளக்குறிச்சி ஆசாரிங்க பண்ணினது சார்" என்பார். முடிந்தது கதை!

அதுதான் புவிசார் குறியீடு இருக்கிறதே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-ல் இயற்றப்பட்டு 2003-ல் நடைமுறைக்கு வந்தது. அது காப்பது ஊரின் பெயரை. கள்ளக்குறிச்சியில் செய்யாததைக் கள்ளக்குறிச்சிச் சரக்கு என்று விற்கக் கூடாது, அவ்வளவுதான். இதற்கான விண்ணப்பம் 2013-ல் போனது, விண்ணப்பித்தவர்களில் பூம்புகார் என்று எல்லோரும் அறிந்த தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகமும் உண்டு. கிடைத்ததோ 2021-ல். எட்டு வருடம்! கிடைத்த பிறகும், ஒரு சிற்பி தன் பொருளில் அந்தக் குறியீட்டைப் போட வேண்டுமென்றால் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று தன் பெயரைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். இதற்கான கட்டணத்தை 2020-ல் 10 ரூபாயாகக் குறைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் கட்டணம் மட்டுமா தடை? படிவம், ஆதாரம், அலைச்சல் எல்லாம் இருக்கிறதே. பதிவு செய்யாதவருக்குக் குறியீடு என்பது மாவட்டத்தின் பெருமைப் பட்டியலில் ஒரு வரி, அவ்வளவே.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு பதில் வரும். "நம் மரபில் சிற்பிகள் பெயர் போட்டுக்கொள்வதில்லை. அது இறைப்பணி. தன்னை மறைத்துக்கொள்வதுதான் நம் பண்பாடு." கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் உண்மையா?

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போங்கள். ஆயிரம் வருடத்துக்கு முன் ராஜராஜன் வெட்டி வைத்த கல்வெட்டுகளில் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன் என்ற பெயர் இருக்கிறது. கோயிலைக் கட்டிய தச்சனுக்கு அரசன் தன் பெயரையே பட்டமாகக் கொடுத்துக் கல்லில் ஏற்றியிருக்கிறான். அதுமட்டுமா? ஆடல் மகளிர் நானூறு பேரின் பெயர்கள், அவர்கள் குடியிருந்த தெரு, வீடு வரை வெட்டப்பட்டிருக்கின்றன. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் நானூறு பெயரைக் கல்லில் வெட்ட முடிந்தது. இன்று ஒரு சிற்பத்தின் அடியில் ஒரு பெயரை ஒட்ட முடியவில்லையாம்!

அவ்வளவு பழைய காலத்துக்குப் போக வேண்டாம் என்றால் கோவில்பட்டிக்கு வாருங்கள். கொண்டைய ராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்தார். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதினார். நாடகத்தோடு ஊர் ஊராகச் சுற்றிக் கடைசியில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். சிவகாசி அச்சகங்களுக்குக் காலண்டர் படம் வரைந்தார், சீடர்களை உருவாக்கினார். கலைஞன் தொழில்முனைவோராகவும் ஆன கதைக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா? அவர் வரைந்தது முழுக்கச் சாமி படங்கள்தான். மளிகைக் கடையில் சும்மா கொடுக்கிற காலண்டர்தான். ஆனாலும் ஓரத்தில் கையெழுத்து இருந்தது. அவர் சீடர்கள் சுப்பையாவும் ராமலிங்கமும் தங்கள் படங்களில் கையெழுத்துப் போட்டார்கள். அதனால்தான் இன்று ஆய்வாளர்கள் அவர்களைத் தேடிப் போகிறார்கள். அந்தக் கையெழுத்தால் சாமிக்கு என்ன குறைந்துவிட்டது?

சுவாமிமலையைப் பாருங்கள். 2023-ல் டெல்லி ஜி-20 மாநாட்டு அரங்கத்தின் முன் நிறுத்திய 27 அடி நடராஜரைச் செய்தது யார் என்று கேட்டால், தேவசேனாபதி ஸ்தபதியின் மகன்கள் என்று பத்திரிகைகள் பெயரோடு எழுதின. காரணம், அந்தக் குடும்பத்தின் பெயரே ஒரு முத்திரை. கன்னியாகுமரி வள்ளுவர் சிலை என்றால் வை. கணபதி ஸ்தபதி என்ற பெயர் கூடவே வருகிறது. பெயர் இருந்த இடத்தில் அடுத்த வேலை அந்தப் பெயரைத் தேடி வருகிறது. பெயர் இல்லாத இடத்தில் வேலை வியாபாரியைத்தான் தேடிப் போகும். இது அடக்கம் பற்றிய பேச்சே அல்ல, அடுத்த ஆர்டர் யாருக்குப் போகிறது என்பது பற்றிய பேச்சு.

சட்டம் என்ன சொல்கிறது? பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 57. படைப்பை விற்றாலும், உரிமையை எழுதிக் கொடுத்தாலும், "இதைப் படைத்தவன் நான்" என்று சொல்லும் உரிமை படைப்பாளியிடமே இருக்கிறது. எழுத்தாளருக்கும் சினிமாக்காரருக்கும் மட்டுமல்ல, சிற்பிக்கும்தான். டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-ல் அரசே பிய்த்து எடுத்துக் கிடங்கில் போட்டது. அவர் வழக்குப் போட்டார். 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சிற்பத்தைத் திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. இன்னொன்றும் உண்டு, பிரிவு 53ஏ. ஒரு மூலச் சிற்பம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால் படைத்தவருக்கு அதில் பங்கு கேட்கும் உரிமை உண்டு, 10 சதவீதத்துக்கு மிகாமல். ஆனால் யார் செய்தது என்றே தெரியாத சிற்பத்துக்கு யார் போய்ப் பங்கு கேட்பது? பிள்ளையார் வடிவத்துக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாதுதான். ஆனால் இந்தப் பிள்ளையாரைச் செதுக்கியது இவர் என்று சொல்ல எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

இதற்குள் எந்திரமும் வந்துவிட்டது. கம்ப்யூட்டரில் படத்தை ஏற்றினால் கதவுப் பலகையை மளமளவென்று குடைந்து தள்ளுகிற சி.என்.சி. எந்திரம். விலையில் அதோடு கை உளி போட்டியிட முடியாது. இனிமேல் கைவேலைக்குக் கூடுதல் விலை கிடைக்க வேண்டுமென்றால் ஒரே வழிதான், இது ஒரு மனிதர் செய்தது, அவர் இன்னார் என்று வாங்குபவருக்குத் தெரிய வேண்டும். பெயரை மறைத்தால் எந்திரத்துக்கும் மனிதனுக்கும் வித்தியாசமே இல்லை.

ஊடகத்தின் பங்கை மறந்துவிடக் கூடாது. கள்ளக்குறிச்சியிலிருந்து அப்படியே கல்வராயன் மலைக்கு ஏறுங்கள். மேகம் அருவி, பெரியார் அருவி, வெள்ளிமலை என்று யூட்யூபில் எத்தனை வீடியோக்கள்! "யாருக்கும் தெரியாத சொர்க்கம்" என்று தலைப்பு. யாருக்கும் தெரியாதா? மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கேதானே இருக்கிறார்கள்! 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. 2024-ல் விஷச் சாராயச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து அந்த மக்களின் வாழ்வாதாரம் பற்றி வழக்கு எடுக்க வேண்டியிருந்தது. வீடியோவில் இதெல்லாம் இருக்காது. வழிகாட்டி அழைத்துப் போனவரும் சோறு போட்டவரும் "லோக்கல் அண்ணா", "ஒரு பாட்டி". எடுத்தவர் பெயர் மட்டும் முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை ஓரத்தில் மின்னும். கீழே பட்டறையில் நடப்பதேதான் மேலே மலையிலும் நடக்கிறது. கேமரா வைத்திருப்பவர் கலைஞர், கேமராவுக்கு முன்னால் இருப்பவர் பின்னணி.

"அப்படியானால் சிற்பி மகன் சிற்பியாகவே இருக்க வேண்டுமா?" என்று சிலர் கேட்பார்கள். இல்லவே இல்லை! 1953-ன் குலக்கல்வித் திட்டத்தை விரட்டிய மாநிலம் இது. ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தைக் குடும்பத் தொழில் நிபந்தனைக்காக 2024-ல் மறுத்த மாநிலமும் இதுதான். அது சரியான நிலைப்பாடே. ஆனால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. சிற்பி வீட்டுப் பெண் டாக்டராகட்டும். கூடவே டாக்டர் வீட்டுப் பையனும் மரச்சிற்பம் கற்க ஆசைப்படுகிற நிலை வர வேண்டும். மாமல்லபுரம் அரசு சிற்பக் கல்லூரி 1957 முதல் இருக்கிறது, யாரும் படிக்கலாம். படித்து வந்த பிறகும் பெயர் இல்லாத வேலைதான் என்றால் யார் போவார்கள்? ஜாதியாக மட்டும் மிஞ்சுகிற தொழில், பெயர் மறுக்கப்பட்ட தொழில்தான்.

வருடா வருடம் சிலருக்கு மாநில விருது கொடுக்கிறார்களே என்பது உண்மை. மேடையில் நாலு பேருக்குப் பெயர் கிடைத்தால் போதாது. கேட்பது பெரிய விஷயமும் இல்லை:

1. விற்பனை நிலையத்தில் உள்ள ஒவ்வொரு கைச்சிற்பத்திலும் செய்தவர் பெயர், ஊர், வருடம் இருக்க வேண்டும். பில்லிலும் அதேதான். அரசு நிலையங்களில் இதைத் தொடங்க ஒரு உத்தரவு போதும்.

2. பயனாளர் பதிவைச் சிற்பிகள் தேடி அலையக் கூடாது. அதிகாரிகள் படிவத்தோடு பட்டறைக்குப் போக வேண்டும்.

3. காட்சித் தொடர்பியல் படிக்கிற மாணவர்கள் கைவினை பற்றிப் படம் எடுத்தால், கேமராமேன் பெயர் போடுகிற அதே அளவு எழுத்தில் செதுக்கியவர் பெயரையும் போட வேண்டும்.

மூன்றாவதற்கு அரசாங்கம் வேண்டாம், பணம் வேண்டாம். "உங்க பேர் என்ன?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். அதைக்கூடக் கேட்காமல் எடுக்கிற படத்துக்கு எத்தனை விருது வந்தாலும், அது அடுத்தவர் உழைப்பில் தன் கையெழுத்தைப் போட்டுக்கொள்வதுதான்.