பீருக்கும் ஒரு பத்திரிகை!

'என்னது, பீருக்கு ஒரு பத்திரிகையா? அடக் கடவுளே!' என்று தலையில் அடித்துக்கொள்ளாதீர்கள். சமையலுக்கும் ஜோசியத்துக்கும் நாம் பத்திரிகை நடத்தவில்லையா? அப்படித்தான்.

அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் தயாரிப்பவர்களின் சங்கம் 1978-ல் 'ஸைமர்ஜி' என்ற பத்திரிகையைத் தொடங்கியது. அடுத்த வருடமே 'ஆல் அபவுட் பீர்' வந்தது. இங்கிலாந்தில் 1971-ல் உருவான 'காம்ரா' என்ற பீர் நுகர்வோர் அமைப்பு, 'வாட்ஸ் ப்ரூயிங்' என்ற பத்திரிகையைக் கொண்டுவந்தது.

இவற்றைப் பற்றி பீர் ரசிகர்கள் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? செய்முறை, பழைய மதுக்கூடங்களின் கதை, ஊர் ஊராகச் சுற்றிய அனுபவம் என்றால் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொள்வார்கள். 'இது நல்லா இருக்கு, அது சுமார்' என்று மார்க் போடும் பகுதி வந்தால்தான் உதட்டைப் பிதுக்குவார்கள். "எதைக் குடிச்சாலும் அமிர்தம்னு எழுதினா எப்படி? பக்கத்துப் பக்கத்துலயே அந்தக் கம்பெனி விளம்பரம்! அப்புறம் எங்கே குறை சொல்லுவாங்க?" என்பது அவர்கள் வாதம்.

நியாயமான கேள்விதானே! விளம்பரம் தருபவரே விமர்சனத்துக்கும் உரியவர் என்றால் பேனா கொஞ்சம் வளையத்தான் செய்யும். சந்தா கட்டும் உறுப்பினர்களை நம்பி நடந்த 'காம்ரா' பத்திரிகை, பெரிய பீர் கம்பெனிகளைத் தைரியமாகத் தட்டிக் கேட்டதற்குக் காரணம் அதுதான்.

ஆனால், இத்தனை குறை சொல்லும் ரசிகர்களும் அதிகம் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. 'இந்த ஒரு பாட்டிலில் எத்தனை கிராம் ஆல்கஹால்?'

கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவில் 5 சதவீத பீர் 355 மி.லி. என்றால் சுமார் 14 கிராம். அதைத்தான் அங்கே 'ஒரு டிரிங்க்' என்கிறார்கள். அந்தப் பத்திரிகைகள் புகழ்ந்து தள்ளும் 10 சதவீத பீர் என்றால்? அதே அளவில் 28 கிராம். ஒன்று குடித்தாலே இரண்டு கணக்கு! நுரை, நிறம், மணம் பற்றிப் பத்தி பத்தியாக எழுதுகிறவர்கள், இதையும் ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

நம் வீட்டுக்கும் இதில் பாடம் இருக்கிறது. "பீர்தானே, அதுல என்ன இருக்கு?" என்பது எத்தனை வீட்டில் கேட்ட வசனம்! நம் ஊரில் 8 சதவீதம் என்று போட்ட 650 மி.லி. ஸ்ட்ராங் பீரில் சுமார் 41 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 30 மி.லி. விஸ்கியில் சுமார் 10 கிராம். அதாவது ஒரு பெரிய பாட்டில் பீர், நாலு சின்ன பெக் விஸ்கிக்குச் சமம்! 'பீர்தானே' என்று இனி சொல்ல முடியுமா?

மதுபானங்கள் புற்றுநோய் உண்டாக்குபவை என்று சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1988-லேயே பட்டியலில் சேர்த்துவிட்டது. எந்த அளவு மதுவும் பாதுகாப்பானது இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதில் பீருக்கு மட்டும் தனிச் சலுகை கிடையாது.

அதற்காக அந்த ரசிகர்களைத் திட்ட வேண்டாம். அவர்களிடமிருந்து ஒரு நல்ல பழக்கத்தைக் கற்றுக்கொள்ளலாம். எதைப் படித்தாலும், 'இதை எழுதுவதற்கு யார் காசு கொடுக்கிறார்கள்? எதைச் சொல்லாமல் விட்டார்கள்?' என்று கேளுங்கள். டானிக், சத்துமாவு, உடம்பு இளைக்கும் மாத்திரை... எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான்.

நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தப் பத்திரிகையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தாராளமாகக் கேளுங்கள்!