உடன் வருவோரின் தீர்ப்பு



கல்லூரியில் பயிலும் நம் மைந்தர் கணினியின் முன் அமர்ந்து நெடுநேரம் விளையாடுவதைக் காண்கின்றோம். "என்ன விளையாட்டோ, யார் அறிவார்!" என்று பெற்றோர் அப்பால் சென்றுவிடுகின்றனர். ஆயினும் அவ்விளையாட்டுகளுள் ஒருவகை, நாம் சற்று நின்று நோக்கத்தக்கது. அது பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு. ஆடுபவன் ஒரு வீரனாகப் பயணம் புறப்படுகிறான். துணைவர் சிலர் உடன் வருகின்றனர். அவர்கள் போரில் உதவுவதோடு நில்லாது, அவன் செயல்களை எடைபோட்டுத் தீர்ப்பும் கூறுகின்றனர்.

1998-ஆம் ஆண்டு வெளிவந்த 'பால்டர்ஸ் கேட்' விளையாட்டில் ஆடுபவனின் நற்பெயருக்கு ஓர் எண் உண்டு. அது மிகத் தாழ்ந்தால் நல்ல துணைவர் பிரிவர். மிக உயர்ந்தாலோ தீய துணைவர் பிரிவர். 2009-இல் வந்த 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' ஒவ்வொரு துணைவருக்கும் தனித்தனி அளவுகோல் வைத்தது. 2023-இல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3', ஐரோப்பிய வயது மதிப்பீட்டில் 18 வயது நிரம்பியோர்க்கே உரியது. அதில் ஆடுபவன் எளியோருக்கு இரங்கினால் கார்லாக் என்னும் துணைவி மகிழ்கிறாள். ஆஸ்டேரியன் என்பவனோ பல வேளைகளில் அவ்விரக்கத்துக்கே முகம் சுளிக்கிறான். துணைவர் ஏற்கின்றார் அல்லது ஏற்கவில்லை என்னும் குறிப்பு திரையில் தோன்றி மறைகிறது.

ஆடிப் பழகியோர் விரைவில் மூன்று தந்திரங்களைக் கற்றுக்கொள்கின்றனர். முதலாவது, பரிசு. 'டிராகன் ஏஜ்' விளையாட்டில் மனம் நொந்த துணைவருக்கு விருப்பமான பொருளை அளித்தால் அளவுகோல் ஏறிவிடும். இரண்டாவது, தீர்ப்புப் பாதகமானால் முன்பு சேமித்து வைத்த இடத்துக்குத் திரும்பி, வேறு வழியைத் தெரிந்துகொள்வது. மூன்றாவதே நம் சிந்தனைக்கு உரியது. பெரும்பாலும் உடன் வந்திருப்போரே தீர்ப்புக் கூறுவர். எனவே இரக்கமுள்ள துணைவரை முகாமிலேயே விட்டுச் சென்றால், கொடுமையை முணுமுணுப்பின்றிச் செய்து முடிக்கலாம்!

இத்தந்திரத்தை நமக்குக் கணினியா கற்றுத்தர வேண்டும்? மதுக்கடைக்கும் சூதாட்டத்துக்கும் செல்பவன், கண்டிக்கும் நண்பனை அழைத்துச் செல்வதுண்டோ? எனினும் மறைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. 'பால்டர்ஸ் கேட் 3' விளையாட்டில், அடைக்கலம் புகுந்த அகதிகளைக் கொன்றழிக்கும் கூட்டத்தோடு ஆடுபவன் சேர்ந்தால், கார்லாக்கும் வில் என்னும் வீரனும் அவனைவிட்டு அறவே நீங்கிவிடுகின்றனர்.

நம் காஞ்சிபுரத்துக் கோர்வை நெசவைப் பாருங்கள். உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கு இரண்டு, ஆக மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. பக்கத்தில் ஒருவர் அமர்ந்து கரை நாடாவைக் கவனித்தால்தான் கரை உடலோடு பிணையும். நெசவாளரின் பிழை முதலில் அவர் கண்ணிலேயே படும். அதற்காக அவரை எழுப்பி அனுப்பிவிட்டால் சேலை எங்ஙனம் நிறைவெய்தும்?

கம்பர் காட்டும் இலங்கையை நினைவுகூருங்கள். சீதையைக் கவர்ந்தது தவறென்று இராவணனின் தம்பியர் இருவருமே அவையில் எடுத்துரைத்தனர். வீடணன் பிரிந்து சென்றான். கும்பகருணனோ அண்ணனுக்காகக் களம் புகுந்து உயிர் நீத்தான். பிரிந்தவனும் சரி, நின்றவனும் சரி, தவற்றைச் சரியென்று சொல்லவில்லை. கண்டித்த பின்னும் அன்பு குன்றாது நின்ற அந்தத் தம்பியை, ஏறி இறங்கும் எண் எதுவும் அளந்துவிட இயலுமா?

எனவே பெற்றோரே, விளையாடும் மகனை அடுத்தமுறை காணுங்கால் அருகே அமருங்கள். "உன்னைவிட்டுப் பிரிந்தவர் யார்? ஏன் பிரிந்தார்? யாரை முகாமில் விட்டுச் சென்றாய்?" என்று கேளுங்கள். அவன் வியப்புடன் விளக்குவான். அங்கிருந்து அவனுடைய உண்மை நண்பர்களைப் பற்றிய பேச்சு தானே பிறக்கும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். மதிப்பெண் உயர்ந்தால் முகமலர்ச்சி, குறைந்தால் முகத்திருப்பல் என்று நாமே ஓர் அளவுகோலாகிவிட்டால், பிள்ளைகள் நம்மையும் முகாமில் விட்டுவிட்டுத் தம் வழியே செல்வர். தவற்றைத் தவறென்று சொல்லுங்கள். சொன்ன பின் அன்றிரவு அவனோடு ஒன்றாக அமர்ந்து உணவு அருந்துங்கள்.