தங்கவயல் 'குட்டி இங்கிலாந்து' இல்லை



இந்த வாரம் மட்டும் நாலு பேர் ஒரே வாட்ஸ்அப் பதிவை எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். கோலார் தங்கவயல் ஒரு 'குட்டி இங்கிலாந்து', அந்தக் காலத்திலேயே கரண்ட் வந்த ஊர், பங்களாவும் கிளப்பும் கோல்ஃப் மைதானமுமாக இருந்த சொர்க்கம் என்று. "டீச்சர், உங்க ஊரைப் பத்தி வந்திருக்கு" என்று ஆசையாக அனுப்புகிறீர்கள். சந்தோஷம்தான். ஆனால் அதில் எங்கள் வீடு இல்லையே!

அதைப் படித்துவிட்டு என் பேத்தி, "நம்ம பங்களா எது பாட்டி?" என்று கேட்டாள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுடையது லைன் வீடு. தட்டிச் சுவர், தகரக் கூரை, ஒரே அறை, ஏழு பேர். அப்பா சுரங்கத்தில் பாறையில் துளை போடுகிறவர். தங்கவயலில் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அடியில் பாறை வெடித்தால் மேலே எங்கள் பாத்திரங்கள் உருளும். ஆயா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார். லைன் முழுக்கப் பெண்கள் நிற்பார்கள். யார் வீட்டு ஆள் எந்த ஷிஃப்ட் என்று மனசுக்குள் கணக்கு ஓடும். யாரும் பேச மாட்டார்கள். அப்பா வெடியில் சாகவில்லை. தூசியில் இருமி இருமிப் போனார்.

1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது உண்மை. ஆனால் அது சுரங்க இயந்திரங்களை ஓட்ட வந்த மின்சாரம். தொழிலாளி வீட்டு விளக்குக்காக யாரும் அத்தனை மைல் கம்பி இழுக்கவில்லை.

அப்படியானால் நம் ஊருக்குப் பெருமையே இல்லையா? நிறைய இருக்கிறது. வட ஆற்காட்டுக் கிராமங்களில் பண்ணையார்களிடம் கைகட்டி நின்ற ஜனங்கள் இங்கே வந்து கூலியைக் காசாகக் கையில் வாங்கினார்கள். அயோத்திதாசப் பண்டிதர் காலமான பிறகு அவருடைய 'தமிழன்' இதழை அப்பாதுரையார் நடத்தியது தங்கவயலிலிருந்துதான். 1930-ல் கைரேகை எடுத்துப் பதிவு செய்வதை எதிர்த்துத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தட்டி வீட்டில் இருந்துகொண்டு பத்திரிகை படித்தவர்கள், சங்கம் கட்டியவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியவர்கள் நம்மவர்கள். நான் ஆசிரியர் பயிற்சி முடித்து டீச்சர் ஆனதும் அந்த வழியில்தான்.

2001 பிப்ரவரி கடைசியில் சுரங்கம் மூடப்பட்டது. இன்றும் விடியற்காலை ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள் அவர்களின் பிள்ளைகள். காற்றடித்தால் சயனைடு மேட்டின் தூசி இப்போதும் வீட்டுக்குள் வருகிறது. 'சொர்க்கம்' என்று எழுதுகிறவர்கள் கண்ணில் இதெல்லாம் படுவதில்லை.

பங்களாவில் வாழ்ந்தவர்கள் தங்கள் நினைவை எழுதட்டும், தப்பில்லை. அதை நம் நினைவாக நாமே பரப்ப வேண்டாம். அடுத்த முறை ஃபார்வர்டு செய்யும் முன், வீட்டில் இருக்கும் பெரியவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தச் சுரங்கம், என்ன வேலை, எத்தனை பேர் திரும்பி வரவில்லை? பதிலை நோட்டில் எழுதி, எனக்கும் அனுப்புங்கள். எழுத்துப்பிழை இருந்தால் பரவாயில்லை. மார்க் குறைக்க மாட்டேன்.

உங்கள் டீச்சர்